ஆறு தட்டு, நாலு தட்டு, மூணு தட்டு

கான்சாஸ் சிட்டி
9 மே 2020

என் பாசமுள்ள ஆர்டெல்லா அக்காவுக்கு,

தம்பி லவெல் எழுதுறேன். உடம்பு கல்லாட்டம் இருக்கு. கல்லாட்டம் அசையாம ஒரே இடத்துலயும் கிடக்கு. உன் முழங்கால் எப்படி? இருமல் கிருமல் இல்லையே? தினமும் காலையில காபித்தூளை மோந்து பாரு. வாசனை தெரியுற வரைக்கும் பயமில்லைன்னு இங்க சொல்லிக்கிறாங்க. நான் நாலு தடவை மோந்து பார்க்கறேன், நாலு தடவை குடிக்கிறேன்.

இனிமே போன்ல உன்கூடப் பேச மாட்டேன், எதுவானாலும் எழுதுன்னு நீ சொல்லி ஒரு மாசம் ஆச்சு. ஒரு மனுஷன் தன் கூடப்பிறந்தவளும் நல்ல ட்ரம்பெட் கேக்கட்டுமேன்னு போனை ரெக்கார்டு பிளேயர் பக்கத்துல பிடிச்சது கொலைக்குத்தமா? பதினோரு நிமிஷந்தான். அதுல நீ நாலு தடவை "லவெல்! லவெல்!"னு கத்தினே. நாலும் தாளத்துல விழல.

நான் கடலை விக்கிற பேஸ்பால் மைதானம் பூட்டிக் கிடக்கு. முப்பத்தொரு வருஷத்துல ஏப்ரல் மாசத்தை முழுசா வீட்டுல கழிச்சது இதுதான் முதல் தடவை. நேத்து குளிக்கும்போது என்னை அறியாம "கடலேய்ய்... சூடான கடலேய்ய்"னு ஒரு குரல் விட்டேன். குளியலறையில எதிரொலி பிரமாதம். வாங்கத்தான் ஆள் இல்ல.

இப்போ உலகத்துல கொரியாக்காரங்கதான் பேஸ்பால் ஆடுறாங்க. அவங்களுக்குச் சாயங்காலம், நமக்கு விடியற்காலை நாலரை. டிவியில வருது. நான் டிவி சத்தத்தை அடைச்சிட்டு, ஜாஸ் தட்டைச் சுழல விட்டுட்டுப் பார்க்கறேன். ஜாஸும் பேஸ்பாலும் ஒரே வயித்துப் பிள்ளைங்க, அக்கா. ஒன்பது பேர் சும்மா நிக்கிறான். நிக்கிறான், துப்புறான், தொப்பியைச் சரி பண்றான். திடீர்னு எல்லாருக்கும் ஒரே நேரத்துல வேலை வந்துடும். ஜாஸ்ல ஆள் உசர பாஸ் வாத்தியம் வாசிக்கிறவன் கண்ணை மூடிக்கிட்டு நிப்பானே, தூங்குறான்னு நினைப்போம். அவன்தான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருப்பான். அப்புறம் இன்னொண்ணு: பந்தடிக்கிறவனுக்குப் பின்னாடி குந்திக்கிட்டுப் பந்தைப் பிடிக்கிற கேட்சர் இருக்கானே, ஊரே இப்பத்தான் போடுற முகமூடியை அவன் நூறு வருஷமா போட்டிருக்கான். அவனுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு பாரு.

பக்கத்து வீட்டுக்குப் பிப்ரவரி கடைசியில ஒரு அம்மா குடிவந்திருக்கு. கதவுல 'ஸ்ட்ரவுட்'னு இருக்கு. முகம் பார்த்ததில்ல, முகமூடி பார்த்திருக்கேன். ஊதா.

கை கழுவு. கழுவின கையால பதில் எழுது.

உன்னை ஓயாம தொந்தரவு பண்ணும்,
லவெல்


செயின்ட் லூயிஸ்
18 மே 2020

அன்புத் தம்பி லவெலுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். காபி, மீன், பக்கத்து வீட்டுக்காரர் சுருட்டு, எல்லா வாசனையும் தெரியுது. முழங்கால் மழைக்கு முன்னாடி சேதி சொல்லுது. டிவிக்காரனை விட அது நம்பிக்கையானது.

நாலு தடவை நான் கத்தினது தாளத்துல விழலையா? அடுப்புல கெளுத்தி மீன் கருகிட்டிருந்துச்சுடா. அது உன் ட்ரம்பெட்டை விடச் சுதியா சத்தம் போட்டுச்சு.

சர்ச் மூடியாச்சு. ஞாயித்துக்கிழமை பாதிரியார் போன் திரையில வர்றாரு. போன வாரம் அரை மணி நேரம் அவர் நெத்தி மட்டும் தெரிஞ்சுது. நல்ல பிரசங்கம், நல்ல நெத்தி. கூடிப் பாடக் கூடாதுன்னுட்டாங்க, அதுதான் தாங்கல. நான் மட்டும் சமையலறையில ரெண்டாம் குரல் பாடிட்டு இருக்கேன். முதல் குரல் பாட ஆள் இல்லாம ரெண்டாம் குரல் மட்டும் பாடிப் பாரு, பைத்தியம்னு நினைப்பாங்க.

விடியற்காலை நாலரைக்குத் தட்டு போடுறியா? பக்கத்துல இருக்கறது மனுஷியா, கல்லா? சத்தத்தைக் குறை. ரெண்டு பெண்டாட்டியும் உன்னை விட்டுப் போனதுக்கு வேற என்ன காரணம்னு நினைச்சே? அந்த அம்மாவுக்கு ஒரு சோள ரொட்டி சுட்டு வாசல்ல வெச்சிட்டு வா. ஆறடி தள்ளி நின்னு வணக்கம் சொல்லு. பல்லைக் காட்டாதே; முகமூடிக்குள்ள எப்படியும் தெரியாது.

பத்திரமா இரு.

அக்கா,
ஆர்டெல்லா பிக்கன்ஸ்


கான்சாஸ் சிட்டி
1 ஜூன் 2020

நெத்தியைப் பார்த்துக் கும்பிடும் அக்காவுக்கு,

நலமா இருக்கேன், ஆனா நிம்மதியா இல்ல. உன் முழங்காலுக்கு ஒரு முத்தம்.

இங்க போர் மூண்டுடுச்சு. ஊதா முகமூடி சுவரைத் தட்ட ஆரம்பிச்சிருக்கு.

நடந்ததைச் சொல்றேன். சத்தம் இல்லாம ஆட்டம் பார்க்கறதால யார் பந்தை எடுத்தான், யாருக்கு எறிஞ்சான்னு எனக்குக் குழப்பம். என் டிவி ஒரு ரொட்டித் துண்டு அகலம். கொரியாக்காரன் சட்டையில எழுதினதை அவங்க ஆத்தாவாலதான் படிக்க முடியும். அதனால நான் டிவியைப் பார்த்து, "யாருப்பா எடுத்தது? யார் கைக்குப் போச்சு?"ன்னு கேப்பேன். கொஞ்சம் உரக்க. என் குரல் உனக்குத் தெரியும், முப்பதாயிரம் பேருக்கு நடுவுல கடலை வித்த குரல். கேட்டு முடிக்கலை, சுவருக்கு அந்தப்பக்கம் டக் டக் டக் டக் டக் டக்! கொஞ்சம் நிறுத்தம். மறுபடி டக் டக் டக் டக்! மறுபடி டக் டக் டக்!

ஒரு தடவை தட்டினா 'வாயை மூடு'ன்னு புரிஞ்சுக்கலாம். இவங்க பத்தி பிரிச்சுப் பிரிச்சு இல்ல திட்டுறாங்க! வாரத்துல மூணு நாளு நாலு நாளு இதே கதை. நானும் விடலை. அவங்க தட்டத் தட்ட, "இன்னும் தட்டு! டிரம்ஸ்காரன் வேலைக்கு ஆள் தேவைப்படுது!"ன்னு கத்தினேன். அடுத்த பந்துக்கு அவங்க எட்டு தட்டினாங்க. ஒரே மூச்சுல எட்டு. வசவுலயே அதுதான் பெரிசா இருக்கணும்.

சோள ரொட்டியா? நான் கோட்டைச் சுவர் எழுப்பிட்டு இருக்கேன், நீ ரொட்டிங்கறே.

உன் பாசமுள்ள போர்வீரன்,
லவெல்


செயின்ட் லூயிஸ்
10 ஜூன் 2020

போர்வீரனுக்கு,

சுகமா இருக்கேன். போன வாரம், போலீஸ் கறுப்பரைக் கொன்னதைக் கண்டிச்ச ஊர்வலத்துல மூணு மணி நேரம் நின்னேன், முகமூடி போட்டுக்கிட்டு. முழங்கால் இன்னும் மன்னிக்கலை. நிக்கவேண்டிய நேரத்துல நின்னாச்சு, அது போதும். அதனால இது சின்னக் கடிதம்.

அந்த அம்மாவோட சண்டை வேண்டாம். எதையும் அவசரப்பட்டு எழுத்துல குடுத்துடாதே. நீ அஞ்சாங் கிளாஸ்ல வாத்தியார் மேல புகார் எழுதினே, அதுல உன் பேரையே தப்பா எழுதி, அந்தப் பேர்ல ஒரு பையன் இல்லவே இல்லைன்னு பிரின்சிபால் தேடினது ஞாபகம் இருக்கா? எழுதித்தான் ஆகணும்னா முதல்ல எனக்கு அனுப்பு. திருத்தித் தர்றேன்.

ஆர்டெல்லா


கான்சாஸ் சிட்டி
20 ஜூன் 2020

ஊர்வலம் போன வீராங்கனைக்கு,

உனக்கு ஒரு சல்யூட். உன் முழங்காலுக்கு ரெண்டு. நான் ஆரோக்கியம்.

நீ சொன்னபடி மனுவை உனக்கு அனுப்புறேன். எங்க கட்டட மேனேஜர் ஹாஸ்கெட்டுக்குக் குடுக்கப் போறது. நான் சும்மா குத்தம் சொல்றவன் இல்ல, ஆதாரம் வெச்சிருக்கேன். பென்சிலும் தாளுமா சுவரோரம் உக்காந்து எண்ணினேன். பாரு:

"கனம் பொருந்திய மேனேஜர் ஹாஸ்கெட் சமூகத்துக்கு, இரண்டாம் மாடியில் குடியிருக்கும் லவெல் டப்ஸ் ஆகிய நான் கண்ணீர் விடாமல் எழுதிக்கொள்வது. அடுத்த வீட்டு திருமதி ஸ்ட்ரவுட் என்னைச் சுவர் வழியாகத் தட்டித் தட்டிக் கொடுமை செய்கிறார். விவரம்:

ஜூன் 5. ஆறு தட்டு. பிறகு நாலு தட்டு. பிறகு மூணு தட்டு.
ஜூன் 9. அஞ்சு தட்டு. பிறகு மூணு தட்டு.
ஜூன் 12. எட்டு தட்டு. பிறகு பயங்கரமான அமைதி.
ஜூன் 16. ஒரு தட்டு. பிறகு ஆறு. பிறகு மூணு.

இந்த அம்மாவுக்குக் கணக்கில் ஏதோ கோளாறு இருப்பதாகச் சந்தேகிக்கிறேன்."

எப்படி? 'கண்ணீர் விடாமல்' நல்லா விழுந்திருக்கு இல்ல? எழுத்தை மட்டும் திருத்து, உணர்ச்சியில கை வைக்காதே. ஜூலை பிறந்தா ஹாஸ்கெட் லீவுல போறானாம், சீக்கிரம் அனுப்பு.

நியாயத்துக்காகப் போராடும்,
லவெல்


செயின்ட் லூயிஸ்
28 ஜூன் 2020

டேய் லவெல்,

நலம் விசாரிக்க நேரமில்ல. அந்த மனுவைக் குடுக்காதே.

முழங்காலுக்கு ஊசி போட்டு ஒரு வாரம் படுத்துட்டேன், உன் கடிதத்தை இன்னிக்குத்தான் பிரிச்சேன். பிரிச்சதும் என் சபதத்தை முறிச்சு உனக்கு போன் பண்ணினேன். ஏழு தடவை. ஏழு தடவையும் எடுக்கல. நீ என்ன பண்ணிட்டு இருந்தேன்னு எனக்குத் தெரியும். உன் ரெக்கார்டு பிளேயரைத் தூக்கி மிசௌரி ஆத்துல போட!

நல்லாக் கேளு. என் வீட்டுக்காரர் பர்டெட் உயிரோட இருந்தப்போ இருபத்தாறு வருஷம் என்னை ஆட்டத்துக்கு இழுத்துட்டுப் போனாரே. நான் கம்பளி பின்னுவேன், அவர் மடியில அட்டை வெச்சு ஒவ்வொரு பந்தையும் எழுதுவார். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுவார். எனக்கு ஆட்டம் பிடிக்காது, ஆனா காது என்ன செய்யும்? பாடமாயிடுச்சு.

மைதானத்துல நிக்கிற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு எண் உண்டுடா. பந்து போடுறவன் ஒண்ணு. குந்திப் பிடிக்கிற கேட்சர் ரெண்டு. மூணு, நாலு, அஞ்சுங்கறது வரிசையா முதல், ரெண்டாம், மூணாம் தளத்துக் காவல்காரங்க. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல நிக்கிறவன் ஆறு. தொலைவுல புல்லுல நிக்கிற மூணு பேரும் ஏழு, எட்டு, ஒன்பது. கைக்கு வந்த பந்தை ஒருத்தன் நழுவ விட்டா அவன் பேர்ல 'பிழை'ன்னு அட்டையில ஏறும், கணக்கு எழுதுற ஸ்கோரர் மனசு வெச்சாத்தான் அது மாறும். ஆறாம் ஆள் பந்தைப் பொறுக்கி, நாலாம் ஆளுக்குக் குடுத்து, அவன் மூணாம் ஆளுக்கு எறிஞ்சா ரெண்டு பேர் ஒரே அடியில அவுட். அட்டையில அதை எப்படி எழுதுவாங்க தெரியுமா? ஆறு, நாலு, மூணு.

நீ "யார் கைக்குப் போச்சு?"ன்னு கேட்டே. அந்த அம்மா சொல்லுச்சு. நீ கேட்டே, சொல்லுச்சு. எட்டு தட்டினது வசவு இல்லடா மடையா. பந்து தூரத்து நடுப்புல்லுல நிக்கிறவன் கைக்குப் போச்சுன்னு அர்த்தம். விடியற்காலை நாலரைக்கு ஒருத்தி எழுந்து உக்காந்து, உன் ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையா பதில் சொல்லிட்டு இருந்திருக்கா. நீ அதை எண்ணி எண்ணிப் புகாரா எழுதி வெச்சிருக்கே.

கிழிச்சுப் போடு.

ஆர்டெல்லா


கான்சாஸ் சிட்டி
8 ஜூலை 2020

அக்காவுக்கு,

சுகம். உன் ஊசி வேலை செய்யுதா?

உன் கடிதம் ரெண்டாம் தேதி வந்துச்சு. மனு இருபத்தொன்பதாந் தேதியே போயிடுச்சு. திருத்தாமயே குடுத்துட்டேன். ஹாஸ்கெட் படிச்சிட்டு, "ரொம்பத் தெளிவா இருக்கு, டப்ஸ்"னான். என் வாழ்நாள்ல யாரும் என் எழுத்தைத் தெளிவுன்னு சொன்னதில்ல. இப்பப் போய்ச் சொன்னான்.

புதுசா குடிவந்தவங்களுக்கு ஆறு மாசம் பரீட்சையாம். எழுத்துல ஒரு புகார் இருந்தா ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டாங்களாம். ஆகஸ்ட் முப்பத்தொண்ணோட ஆறு மாசம் முடியுது. அவங்களுக்கு நோட்டீஸ் போயாச்சு.

தட்டு நின்னு போச்சு.

நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். கடலை விக்கிறவன் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிப்பான், அக்கா. மைதானத்துக்கு முதுகு. முப்பத்தொரு வருஷத்துல நான் ஒரு ஆட்டம்கூடக் கண்ணால பார்த்ததில்ல. காதாலதான் பார்த்தேன். கூட்டம் மூச்சை இழுத்தா உசரமா ஒரு பந்து போகுது. 'ஊய்'னா தப்பிச்சது. முனகினா நம்மாள் அவுட். எல்லாம் பாட்டு கேக்கற மாதிரிதான். நம்பர் கிம்பர் எதுவும் எனக்குத் தெரியாது. ஆனா இந்தக் கட்டடத்துல எனக்குப் பேரு 'புரபசர்'. யாருக்கு ஆட்டத்துல சந்தேகம்னாலும் என்கிட்டதான் வருவாங்க. நானும் தாடையைத் தடவிட்டு ஏதாவது சொல்லி அனுப்புவேன்.

மனுவைத் திரும்ப வாங்கணும்னா ஏன்னு காரணம் சொல்லணுமாம்.

வாங்கிடுறேன். நீ கவலைப்படாதே.

லவெல்


செயின்ட் லூயிஸ்
3 ஆகஸ்ட் 2020

லவெல்,

நான் சுகம். நீ உயிரோட இருக்கியா? உன் கடிதம் பார்த்து மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. போன் பண்ணினா மணி அடிக்குது, நீ எடுக்கல. இப்போ பின்னாடி பாட்டுச் சத்தமும் இருக்காதுன்னு எனக்கு ஏனோ தோணுது. காபித்தூள் மோந்து பார்க்கறியா? காய்ச்சலா? தபால்காரங்களையும் குறைச்சிட்டாங்களாம், அதனாலன்னு மனசைத் தேத்திக்கிறேன்.

மனுவைத் திரும்ப வாங்கினியா? ஒரு வரி எழுதினா போதும்.

அக்கா


கான்சாஸ் சிட்டி
17 ஆகஸ்ட் 2020

என் அருமை அக்காவுக்கு,

பயப்படாதே, காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. வாசனை எல்லாம் தெரியுது. உன் முழங்கால் இப்போ நடனமாடுதா?

உனக்கு ஒரு வேடிக்கை சொல்லணும். நம்ம ஊர்லயும் ஆட்டம் ஆரம்பிச்சிடுச்சு, ஆனா கூட்டம் இல்லாம. காலி நாற்காலி டிவியில அசிங்கமா தெரியுதுன்னு அட்டையில மனுஷனை வெட்டி நிக்க வெச்சிருக்கானுங்க! போட்டோ அனுப்பினா உன்னையும் அட்டை ஆக்கிடுவாங்க. மூணாம் வரிசையில ஒரு நாய் உக்காந்திருக்கு. அட்டை நாய். அதுதான் ஆட்டத்தை ரொம்பக் கவனமா பார்க்குது. ஒரு அட்டைக்காரனும் பாதியில எழுந்து கக்கூஸ் போக மாட்டான், பக்கத்துக்காரன் மேல பீர் சிந்த மாட்டான். கடலையும் வாங்க மாட்டான்.

கைதட்டலை டப்பாவுல அடைச்சு வெச்சு ஒருத்தன் பொத்தானை அமுக்கி விடுறான். அடிச்ச பிறகு தட்டுது, அக்கா! நிஜக் கூட்டம் அப்படி இல்ல. மட்டை பட்ட அந்த நொடியே, பந்து எங்க போகும்னு தெரியறதுக்கு முன்னாடியே, மூச்சை இழுக்கும். நான் அந்த மூச்சைக் கேட்டுத்தான் பிழைச்சேன். டப்பாக் கூட்டத்துக்கு மூச்சே இல்ல. கிளப்புல சாக்ஸபோன்காரன் ஒரு வாக்கியத்தை முடிக்காம நிறுத்துவானே, அப்போ இருட்டுல யாரோ ஒருத்தர் "ம்ம்"பாங்க. அந்த ஒரு "ம்ம்" இல்லைன்னா அவன் அடுத்த வாக்கியத்தை வேற மாதிரி வாசிச்சிருப்பான். பதில் சொல்ல ஒருத்தர் இருந்தாத்தான் அது வாசிப்பு. இல்லைன்னா பயிற்சி.

நேத்து விலா எலும்பு சுட்டேன். கொஞ்சம் கருகிடுச்சு. வெயில் கொளுத்துது. கொரியா ஆட்டம் பார்க்கறதை விட்டுட்டேன், கண்ணு வலிக்குது.

மத்தபடி இங்க விசேஷம் ஒண்ணும் இல்ல.

அன்புடன்,
லவெல்


செயின்ட் லூயிஸ்
24 ஆகஸ்ட் 2020

லவெல்,

முழங்கால் நடக்குது, ஆட இன்னும் நாளாகும்.

நாலு பக்கம் எழுதியிருக்கே. அட்டை நாய்க்கு ஒரு பத்தி. கருகின எலும்புக்கு ஒரு வரி. சுவரைப் பத்தி ஒரு எழுத்து இல்ல. 'விசேஷம் ஒண்ணும் இல்ல'ன்னு நீ எழுதுறது எப்போன்னு எனக்குத் தெரியாதா? உன் மூத்த பெண்டாட்டி போனப்பவும் எனக்கு அப்படித்தான் எழுதினே. அவ பெட்டியோட என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா.

நீ மனுவைத் திரும்ப வாங்கலை.

ஏன்னும் தெரியும். வாங்கணும்னா புரபசர் பட்டத்தைக் கழட்டி வைக்கணும். ஏண்டா, அந்தப் பட்டம் உன்கூட விடியற்காலை எழுந்து ஆட்டம் பார்த்துச்சா? நீ கேட்டதுக்குப் பதில் சொல்லுச்சா? இன்னும் ஏழு நாள் இருக்கு. அந்த அம்மா பெட்டி கட்டிட்டு இருப்பாங்க. சுவருக்கு அந்தப்பக்கம் பெட்டி நகர்த்துற சத்தம் கேக்குதா, இல்லையா? உன் காது கேக்காம இருக்காது.

நீ ஒரு நல்ல மனுஷன், லவெல். இதை நான் எழுத்துல சொல்றது இதுதான் முதல் தடவை. கெடுத்துக்காதே.

ஆர்டெல்லா


கான்சாஸ் சிட்டி
8 செப்டம்பர் 2020

மதிப்பிற்குரிய திருமதி பிக்கன்ஸ் அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருக்கிறீர்கள் என நம்புகிறேன். தங்கள் முழங்காலைப் பற்றி அறிவேன். எனக்கும் இடது பக்கம் அப்படித்தான். நான் இமோஜீன் ஸ்ட்ரவுட். தங்கள் தம்பியின் அடுத்த வீட்டுக்காரி. இந்த நிமிடம் வரை அடுத்த வீட்டுக்காரிதான், இனியும் அப்படித்தான்.

நடந்ததைத் தங்களுக்கு எழுத அவர் ஒரு வாரமாக உட்காருகிறார். ஐந்து தாளைக் கசக்கிப் போட்டுவிட்டார். நடந்ததை நடந்தபடி எழுத ஒரு ஸ்கோரர்தான் வேண்டும் என்றேன். ஆலை அணிகளின் ஆட்டங்களுக்கு நான் இருபத்தெட்டு ஆண்டு ஸ்கோர் எழுதியவள்.

பிப்ரவரியில் இங்கு வந்தேன். மார்ச்சில் ஊர் அடைத்தது. யாரையும் தெரியாது. மே மாதம் விடிகாலை ஆட்டங்கள் தொடங்கின, சுவருக்கு அந்தப்பக்கம் ஒருவர், "யார் கைக்குப் போச்சு?" என்று கேட்டார். அதே ஆட்டத்தை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்ததைச் சொன்னேன். அவர் "இன்னும் தட்டு!" என்றார். இவருக்கும் ஆட்டக் கணக்கு புரிகிறது என்று மகிழ்ந்தேன். ஊர் அடைத்ததிலிருந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்ட ஒரே மனிதர் தங்கள் தம்பி.

பிறகு நோட்டீஸ் வந்தது, அவருடைய பட்டியலும் இணைத்து. முதலில் அழுதேன் என்பதை மறைக்கவில்லை. பிறகு என் நோட்டை எடுத்து அவர் பட்டியலைச் சரிபார்த்தேன். ஜூன் 9, அவர் எழுதியிருப்பது ஐந்து, மூன்று. நான் தட்டியது ஐந்து, நான்கு, மூன்று. நான்கை விட்டிருக்கிறார். உண்மையான கோபம் எனக்கு அப்போதுதான் வந்தது.

ஆகஸ்ட் 29, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. நான் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன். கீழே முற்றத்தில் ஒரு குரல். கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது.

"கடலேய்ய்! சூடான கடலேய்ய்! மாடியில இருக்கறவங்க எல்லாரும் ஒரு நிமிஷம் வெளியே எட்டிப் பாருங்க!"

எட்டிப் பார்த்தேன். கோடு போட்ட தொப்பி, கழுத்தில் தொங்கும் பெட்டி, முகமூடி தாடைக்குக் கீழே. பதினாறு ஜன்னல்கள் திறந்தன.

"என்ன புரபசர், வெயில் தலைக்கு ஏறிடுச்சா?" என்றார் மேல்மாடிக்காரர்.

"நான் புரபசர் இல்லப்பா! முப்பத்தொரு வருஷமா மைதானத்துக்கு முதுகைக் காட்டிட்டு நின்னவன். ஒரு ஆட்டமும் பார்த்ததில்ல. போன வருஷம் உன் பையனுக்கு நான் சொன்ன விதி அத்தனையும் பொய்!"

"அடப்பாவி, அதை வெச்சு அவன் பந்தயம் கட்டித் தோத்தானே!"

"அவன்கிட்ட தனியா மன்னிப்பு கேக்கறேன், இப்போ வாயை மூடு. எல்லாரும் கேளுங்க! ஸ்ட்ரவுட் அம்மா எனக்கு உதவிதான் செஞ்சாங்க. நான் தெரியாம அதைப் புகார்னு எழுதினேன். பிழை என்னுது! பலகையில பெரிசா போடுங்க! பிழை, டப்ஸ்!"

ஹாஸ்கெட் தோட்டக் குழாயைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். "இதை எழுத்துல குடு, டப்ஸ்."

"எழுதினதுலதானே ஐயா இத்தனை வம்பு!"

இருந்தாலும் கடலைப் பெட்டி மேலேயே வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹாஸ்கெட் படித்துவிட்டு, நோட்டீஸ் ரத்து என்றார். நான் சுற்றிய தட்டுகளை மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று.

பிறகு தங்கள் தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தை முழுதாகப் பார்ப்பது இருவருக்கும் அதுதான் முதல் முறை. நான் அவசரத்தில் முகமூடியை மறந்துவிட்டிருந்தேன்.

"அம்மா," என்றார், இந்த முறை கத்தாமல். "உங்க நோட்டுல அந்தப் பிழையைக் கொஞ்சம் மாத்தி எழுத முடியாதா? ஸ்கோரர் மனசு வெச்சா மாத்தலாம்னு எங்க அக்கா எழுதியிருக்கு."

"முடியாதுங்க," என்றேன். "பிழை பிழைதான்."

"சரிங்க," என்றார். "நியாயம்." பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "இது லஞ்சம் இல்ல. பிடிங்க."

எறிந்தார். தங்களிடம் நான் உண்மையைச் சொல்ல வேண்டும், திருமதி பிக்கன்ஸ். அருமையான எறிதல். இரண்டு மாடி உயரம், என் நெஞ்சுக்கு நேராக, மெதுவாக வந்தது. பிடிக்க முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. இரண்டு கைகளையும் நீட்டினேன். விரலில் பட்டு நழுவி, ஜன்னல் விளிம்பில் கிழிந்து, கடலை முழுவதும் ஹாஸ்கெட் தலையில் கொட்டியது.

பதினாறு ஜன்னலும் மூச்சை இழுத்தன. தங்கள் தம்பி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனேன். நோட்டைத் திறந்தேன். ஆகஸ்ட் 29, பிழை, டப்ஸ் என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினேன், அவரே படித்துப் பார்க்கட்டும் என்று.

தங்கள் உடல்நலத்துக்கு என் பிரார்த்தனைகள். அவர் நலம், விடிகாலை எழுகிறார்.

மரியாதையுடனும், ஒரு பிழையுடனும்,
இமோஜீன் ஸ்ட்ரவுட்